ராசாவுக்குப் பரீட்சை

இல்லீங்க சார், அது பீங்கான் நாயி. தொட்டுக்கூட பாக்கலாம், ஒண்ணும் பண்ணாது. தூரத்துல இருந்து பாத்தா எல்லாருமே ஏமாந்துதான் போறாங்க. முந்தாநாளு கேபிள் டிவிக்காரன் வாசப்படியிலயே நின்னுட்டான், நாயிய புடிச்சிக் கட்டுங்கன்னு. எங்க கம்பெனியில ஊத்துன உருப்படிதான் சார் அது. சூளையில இருந்து எறக்கும்போது காது மூளியாயிடுச்சி, செகண்ட்ஸுன்னு ஒதுக்கிட்டாங்க. எம் பொண்டாட்டி நாயி நாயின்னு உசுர வுடறாளேன்னு நான்தான் கொண்டாந்து டிவி பொட்டி மேல வெச்சேன். கண்ணு மட்டும் அவ எழுதுனது. பாருங்க, நாம எந்தப் பக்கம் நவுந்தாலும் நம்மளயே பாக்குது.

ஒக்காருங்க சார். அந்த நாற்காலி வேணாம், காலு ஆடும். இதுல ஒக்காருங்க. பரீட்சைக்கு உண்டான நாயி வந்துடும். கருவேப்பிலங்குறிச்சியில அவ அண்ணன் வூட்டுல இருக்குது, இட்டாரத்தான் காலையில மொத பஸ்ஸுக்கே ஓடியிருக்கா. நீங்க சாயங்காலந்தான் வருவேன்னு சொன்னீங்களாமே? ஓ, முன்னாடி ரயிலே கெடச்சிடுச்சா. ஜங்ஷன்ல எறங்கி எப்பிடி வழி கண்டுபுடிச்சீங்க? நாய்ப் படிப்பு படிக்கிற அம்மா வூடுன்னு கேட்டீங்களா. ம். காட்டியிருப்பாங்க, காட்டியிருப்பாங்க. செராமிக்ல சூளை போடற தங்கதுரைன்னு கேட்டிருந்தா எவனுக்கும் தெரிஞ்சிருக்காது. இத்தினி வருசமா இந்தத் தெருவுல இருக்கறது நானு, பேரு வாங்குனது அவ.

நாயி ஏன் அங்க இருக்குதுன்னா, வூட்டுக்காரம்மா காசியம்மாள் ஒத்துக்கமாட்டாங்க சார். வாடக கொஞ்சம் முன்ன பின்ன ஆனாக்கூட சும்மா இருப்பாங்க. நாயி கொலைக்கற சத்தம் கேட்டா அன்னிக்கே சாமானத் தூக்கி தெருவுல வெச்சிடுவாங்க.

டீ குடிங்க. பிளாஸ்க்ல ஊத்தி வெச்சிட்டுத்தான் போயிருக்கா. ஒங்களுக்கு சக்கரை இல்லாம, எனக்கு சக்கரை போட்டு. ஒங்களுக்கு சுகர் இருக்குதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க. எனக்கு சுகர் இருக்குதான்னு யாரு கேட்டா? மாரி பிஸ்கட்டு ஒங்களுக்கு. இந்த மூடி வெச்ச தட்டு எனக்கு. வாழக்கா பஜ்ஜி. சாரு வந்ததும் நீங்க இத சாப்புடணும், அவரு வர்றதுக்கு முன்னாடி தொறக்கக் கூடாதுன்னு ஆயிரம் தடவ சொல்லிட்டுப் போனா. இது என்னா கணக்குன்னு எனக்கு அப்ப வெளங்கல. சரி அது கெடக்கட்டும்.

சார், ஒண்ணு கேக்கட்டுமா. வாசல்ல செருப்ப கழட்டிக்கிட்டே என்னமோ கேட்டீங்களே, ராசா எப்பிடி இருக்கான், இன்னமும் அந்த மாதிரி பண்றானான்னு. நான் முழிச்சிக்கிட்டு நின்னேனே. அத இன்னொரு தடவ சொல்லுங்க. இல்ல, ராசாவப் பத்தி அவ என்னென்ன எழுதியிருந்தான்னு தெரிஞ்சிக்கத்தான்.

ம்... ம்... வூட்டம்மா வேத்து ஆளுகிட்ட பேசுனா குறுக்க வந்து நிக்கும். சரி. மொறச்சிக்கும், ஆனா கடிக்காது. அப்புறம் சோத்தத் தொடாது. ம். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கும். சமாதானம் பண்ணக் கிட்ட போனா இன்னும் ஒட்டிப் படுத்துக்கும். தட்டாண்ட யாரையும் வுடாது. சரிங்க சார். எம்மாம் உன்னிப்பா பாத்திருக்கா இல்ல?

நான் ஒங்கள எப்பிடி நெனச்சிருந்தேன்னு சொன்னா சிரிப்பீங்க. கோச்சிக்க மாட்டீங்களே? போலீஸ் நாய்ப்படையில இருந்தவரு, கோயமுத்தூருல பள்ளிக்கூடம் நடத்தறாருன்னு அவ சொன்னதும், ஆறடி ஒசரம், முறுக்கு மீச, கூலிங் கிளாஸு, அப்பிடித்தான் எம் மனசுல ஒரு ஆளு வந்து குந்திக்கிட்டாரு. ரெண்டு வருசமா அந்த ஆளோட எனக்கு சண்ட. ராத்திரி பகலா சண்ட. இன்னிக்கு கதவத் தொறந்தா நீங்க நிக்கறீங்க, குடைய ஊனிக்கிட்டு, முட்டி வலிக்குது செத்த ஒக்காரலாமா தம்பின்னு. எனக்கு ஏமாத்தமா போயிடுச்சி சார். இம்மாம் பொறாம பட்டதுக்கு ஒரு மீசையாவது இருந்திருக்கலாம்.

சிரிங்க, சிரிங்க. எனக்கு அப்ப சிரிப்பு வரல.

இந்தப் படிப்பு இந்த வூட்டுக்குள்ள வந்ததே என்னாலதான். சேத்தியாத்தோப்புக்கு ஒரு சாவுக்குப் போயிட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டுல போண்டா வாங்கியாந்தேன். அத மடிச்சிக் குடுத்த காயிதத்துல ஒங்க விளம்பரம். வூட்டுல இருந்துக்கிட்டே தபால்ல படிக்கலாம், நாயோட மனசப் புரிஞ்சிக்கலாம், தமிழ்லயே பாடம்னு. எண்ணெக் காயிதத்த வெளிச்சத்துல புடிச்சிக்கிட்டு வாய்வுட்டுப் படிக்கறா. போண்டா ஆறிப்போச்சி. நான் வெளையாட்டுக்குச் சொன்னேன், ஊர்ல இருக்கற நாய்ங்க பத்தாதா, இதுக்கு ஒரு படிப்பான்னு. அவ சிரிக்கல.

ஏன் அவளுக்கு நாயி மேல இம்மாம் ஆசன்னு கேக்கறீங்களா? எங்க கம்பெனியிலதான் சார் அவளும் வேல பாத்தா. பொம்மைக்கிக் கண்ணு எழுதற வேல. சாமி பொம்ம, கிளி, மாடு, நாயி, எது வந்தாலும் கண்ணு இளமதிதான் எழுதணும். ஒரு நாளு எங்கிட்ட சொன்னா, பொழுதுக்கும் பாக்காத கண்ணா எழுதிக்கிட்டு இருக்கறேன், திருப்பிப் பாக்கற கண்ணு வேணும்னு. நான் இல்லியான்னேன். நீங்க எங்க பாக்கறீங்க, காவல்தான காக்கறீங்கன்னா. எனக்கு சுருக்குன்னுச்சி. அன்னிக்கு சோறு எறங்கல.

அந்த வேலய வுட்டதும் ஒரு கத. சூப்பர்வைசரு வளவன், எல்லாரும் இருக்கற எடத்துல, இளமதி கைக்கு மோதரம் போடலாம்னு சொன்னாரு. சும்மா பாராட்டித்தான் சொன்னாரு. அவருக்கு கல்யாண வயசுல பொண்ணு இருக்குது. ஆனா நான் சூளையாண்ட இருந்து வந்து ரெண்டு பேருக்கும் குறுக்க நின்னுட்டேன். ஒண்ணும் பேசல, சும்மா நின்னேன். வேலைக்கிப் போவாதன்னு நான் ஒரு வார்த்த சொல்லல சார், சத்தியமா. வூட்டுல வந்து செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன், அம்மாந்தான். அவளே நின்னுட்டா.

என்னா சார் அப்பிடி பாக்கறீங்க? டீ ஆறுது.

அப்புறம் பாடம் வர ஆரமிச்சிது. தபால்காரரு கோதண்டபாணி இந்தத் தெருவுக்கு சைக்கிள்ல வந்தா, அவரு மணி அடிக்கறதுக்கு முன்னாடியே இவ வாசல்ல நிக்கறா. எனக்காவ என்னிக்காச்சும் வாசல்ல நின்னிருப்பாளா? நெனச்சி நெனச்சிப் பாத்தேன், ஞாபகமே வரல. சூளை வெக்கையில வெந்து வரேன், தண்ணி குடுன்னா, இருங்க, நாயி கொட்டாவி வுட்டா தூக்கம்னு அர்த்தம் இல்லியாம், மனசுல சங்கடம்னு அர்த்தமாம்னு படிச்சிக் காட்டறா. நான் பெருசா ஒரு கொட்டாவி வுட்டேன். நிமுந்து பாத்தா. அப்பாடான்னு இருந்துது. உடனே குனிஞ்சி எழுத ஆரமிச்சிட்டா.

அவ எழுதி அனுப்பறது ஒங்ககிட்ட போயி திரும்பி வரும் இல்ல, செவப்பு மையில ஓரத்துல எழுதுவீங்களே. மிக நன்று. கூர்மையான பார்வை. தொடர்ந்து கவனியுங்கள். அந்தத் தாள எல்லாம் சாமி படத்தாண்ட வெச்சிருக்கா சார். நான் பத்தாவது பெயிலு. எந் தாள்லயும் செவப்பு மை இருந்துது, ஆனா வேற மாதிரி. நாம கட்டிக்கிட்டவள நாம ஒரு நாளாச்சும் மிக நன்றுன்னு சொல்லியிருக்கோமான்னு தோணுச்சி. அப்பிடி தோணுனதுக்கும் சேத்து ஒங்க மேலதான் கோவம் வந்துது. 

அது கூடத் தாங்கிக்கலாம். ஞாயித்துக்கெழம போனு இருக்குதே, அதத்தான் தாங்க முடியல. சந்தேகம் இருந்தா ஞாயித்துக்கெழம காலையில கேளுங்கன்னு நம்பரு குடுத்தீங்க. பாலக்கரையில சுப்புராயன் எஸ்டிடி பூத்து. அவ கண்ணாடி ரூமுக்குள்ள நின்னு பேசுவா, நான் வெளிய நிப்பேன். ஒரு வார்த்த காதுல வுழாது. தலய ஆட்டுவா, கைய ஆட்டுவா, நடுவுல சிரிப்பா. கண்ணாடிக்கு அந்தாண்ட, வாயப் பொத்திக்கிட்டு. அந்த மாதிரி சிரிப்ப நான் பாத்ததே இல்ல சார். என்னத்தடி சொன்னாரு, இம்மாம் சிரிப்புன்னு கேட்டா, ராசாவப் பத்திச் சொன்னேன், சாரு ஒரு யோசன சொன்னாருன்னுவா. அதுக்கு மேல வாயத் தொறக்கமாட்டா. நான் அன்னிக்கெல்லாம் பேசமாட்டேன். அவ கண்டுக்கவும் மாட்டா.

ஆங், அதான் சார் விசயம். முன்னல்லாம் நான் மூஞ்சத் தூக்கிக்கிட்டா அவ கெஞ்சுவா. சாப்புட வாங்க, என்னா கோவம், நான் என்னா தப்பு பண்ணேன்னு காலாண்ட ஒக்காந்து கேப்பா. கெஞ்சக் கெஞ்ச எனக்கு இன்னும் ஏறும். இந்தப் படிப்பு வந்த பொறவு கெஞ்சறத வுட்டுட்டா. திட்டறதும் இல்ல. நான் செவுத்தப் பாத்துப் படுத்தா அவ பாட்டுக்குக் கீரை ஆய்வா. ரேடியோ கேப்பா. எனக்கே சலிச்சிப் போயி எழுந்து வந்து பக்கத்துல ஒக்காந்தா, அந்த நிமிசம் பாருங்க, மூஞ்சி மலரும். முதுவத் தடவிக் குடுப்பா. சூடா எதையாச்சும் கொண்டாந்து வெப்பா. எதுக்குக் கோச்சிக்கிட்டன்னு கேக்கறதே இல்ல. எனக்கு என்னா நெனப்புன்னா, இவளுக்கு எம் மேல இருந்த அக்கற போயிடுச்சி, எல்லாம் அந்த ராசா மேல போயிடுச்சின்னு.

ஆமா சார், நாயி மேலயும் பொறாமதான். ஒங்க மேல ஒரு பங்குன்னா அது மேல மூணு பங்கு. கேக்கறவன் சிரிப்பான்னு யாருகிட்டயும் சொல்லல. நீங்களே சொல்லுங்க, பொழுது விடிஞ்சா ராசா, பொழுது போனா ராசா. அது கண்ணு எப்பிடிப் போவுது, காது எப்பிடிப் போவுது, அது ஏன் இன்னிக்குச் சாப்புடல, எத நெனச்சிப் பயந்துதுன்னு பக்கம் பக்கமா எழுதறா. ஒரு பொம்பள ஒரு நாயிய அப்பிடிப் பாக்க முடியும்னா, ஒரு மனுசன ஏன் பாக்கக் கூடாது? அடுத்த சென்மத்துலயாவது நாயாப் பொறக்கணும், அதுவும் ராசாவாப் பொறக்கணும்னு சூளை முன்னாடி ஒக்காந்து நெனச்சிருக்கேன் சார். இத நான் வெளிய சொல்றது இதான் மொத தடவ.

அப்புறம் வேற ஒரு புழு கொடைய ஆரமிச்சிது. ராசா எங்க இருக்குது? மொதல்ல கேட்டப்ப, பின்னாடித் தெரு அர்ச்சுனன் வூட்டு நாயின்னா. நான் நாலு நாளு கழிச்சி அந்தப் பக்கமா போனேன். அவங்க வூட்டுல கோழிதான் இருக்குது. நாயி வளக்கறீங்களான்னு கேட்டா, கோழி இருக்கற வூட்டுல எவன்யா நாயி வளப்பான்னு அர்ச்சுனன் மொறைக்கறாரு. திரும்ப வந்து கேட்டா, இல்லிங்க, எங்க அண்ணன் வூட்டு நாயின்னு மாத்திச் சொல்றா. கருவேப்பிலங்குறிச்சிக்கு அவ போறதே பொங்கலுக்கும் தீவாளிக்குந்தான். அப்ப நேத்து ராசா சாப்புடலன்னு இன்னிக்கு எப்பிடி எழுதறா?

அப்ப இங்கதான் எங்கயோ இருக்குது. நாயின்னு ஒண்ணு இருந்தா அதுக்கு வூடுன்னு ஒண்ணு இருக்கும். வூடுன்னா அதுல ஆளு இருப்பான் இல்ல? நான் அந்த ஆளத் தேட ஆரமிச்சேன் சார். ஷிப்ட்டு முடிஞ்சி சைக்கிள எடுத்துக்கிட்டு தெருத் தெருவா சுத்தறேன். பழமலைநாதர் கோயிலச் சுத்தி, ஆத்தங்கரை ஓரம், ரயில்வே குவாட்டர்ஸு. நாயி கட்டியிருக்கற வூட்டுலல்லாம் போயி, இது பேரு ராசாவான்னு கேட்டேன். பாதி ஊரு என்னெ நாய் புடிக்கற முனிசிபாலிட்டி ஆளுன்னு நெனச்சிக்கிச்சி. ஒரு வூட்டுல நெசமாவே ராசான்னு ஒரு நாயி இருந்துது. வூட்டுக்காரரு யாருன்னு பாத்தா எம்பது வயசு வாத்தியாரு, காது கேக்காது. அவரயும் செத்த நேரம் சந்தேகமாத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்.

அவ பின்னாடியே போயும் பாத்தேன். மார்க்கெட்டு, போஸ்ட்டாபீஸு, வூடு. வேற எங்கயும் போவல. எந்த நாயையும் பாக்கல. அப்ப ராசா எங்க சார் இருக்கான்? எனக்கு மண்ட காஞ்சி போச்சி.

இதுக்கு நடுவுல பஜ்ஜி கத வேற. சொல்றேன் கேளுங்க. அறிவழகன்னு ஒருத்தன், அவ அத்த மவன். எனக்கு முன்னாடி அவனுக்குத்தான் இவளக் கேட்டாங்க. அவன் பேர எடுத்தாலே எனக்கு ஆவாது. ஒரு நாளு அவன் தெருக்கோடியில சைக்கிள்ல போறான். இவ சன்னல்ல நின்னுக்கிட்டு, என்னா அறிவு எப்பிடி இருக்கன்னு சத்தமா கேக்கறா. நான் எழுந்துக்கறதுக்குள்ள எங் கையில சூடா ஒரு வாழக்கா பஜ்ஜி. வாயில போட்டுட்டேன், என்னா பண்றது. அவன் போனதும் தட்டும் போயிடுச்சி. அடுத்த வாரம் அவன் வாசலுக்கு எதுருல நின்னு பேசறான். அப்பயும் பஜ்ஜி. அப்புறம் படியாண்ட வந்தான், பஜ்ஜி. உள்ள வந்து இதே நாற்காலியில ஒக்காந்தான். எனக்கு பஜ்ஜி, கூட தேங்கா சட்னி. அவனுக்கு வெறும் தண்ணி. கேஸ்காரன் வந்தாலும் எனக்கு பஜ்ஜி, கரண்டு மீட்டரு பாக்கறவன் வந்தாலும் எனக்கு பஜ்ஜி. இப்ப எப்பிடி ஆயிப்போச்சின்னா சார், தெருவுல அறிவழகன் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டா எனக்கு நாக்குல தண்ணி ஊறுது. போன வாரம் நானே கூப்புட்டேன், வாடா அறிவு, வூட்டுக்கு வந்துட்டுப் போன்னு.

சிரிக்காதீங்க சார். ஒங்க பாடம்தானே இது? வேத்து ஆள மொதல்ல தூரமா நிறுத்து, அந்த நேரத்துல ருசியா எதையாச்சும் குடு. அப்புறம் செத்த கிட்ட கொண்டா. அவசரப்படாத. நீங்க எழுதிக் குடுத்ததுதானே? ஆங். அதான்.

இப்ப புரியுதுங்களா, வாசல்ல நான் ஏன் முழிச்சேன்னு. நீங்க செருப்பக் கழட்டிக்கிட்டே ஒவ்வொண்ணா கேக்கறீங்க. குறுக்க நிக்கறானா, சோத்தத் தொடாம இருக்கானா, செவுத்தப் பாத்து படுக்கறானா, அத்த மவன் வந்தா இப்ப வால ஆட்டறானாமேன்னு. ஊரெல்லாம் சைக்கிள் மிதிச்சித் தேடுன நாயி சார் அது.

மொதல்ல கோவந்தான் வந்துது. பொய் சொல்லமாட்டேன். கட்டுன புருசன நாயின்னு எழுதி கோயமுத்தூரு வரைக்கும் அனுப்பியிருக்காளே, வரட்டும் இன்னிக்குன்னு நெனச்சேன். பழய வழக்கம், காலு தன்னால அந்த செவுத்தாண்ட போச்சி. அப்பதான் நீங்க, பாவம், ஒண்ணும் தெரியாம சொல்லிக்கிட்டே வந்தீங்க. எல்லாரும் கெட்ட நாயின்னுதான் எழுதுவாங்க, ஒங்க வூட்டம்மா ஒருத்திதான் இது கெட்ட நாயி இல்ல, பயந்த நாயி, குட்டியில தாய வுட்டுட்டு நாலு வூட்டுல நின்னு வளந்தது, தட்டுல இருந்தத எவன் எவனோ புடுங்கித் தின்னிருக்கான், அதான் கெடச்சத இப்பிடி காபந்து பண்ணுதுன்னு எழுதுனாங்கன்னு. 

எங்கம்மா நான் கைக்கொழந்தையா இருக்கும்போதே போயிட்டாங்க சார். இங்க பக்கத்துல இருக்கற மங்களூர்ல சித்தப்பா வூடு, அப்புறம் மாமா வூடு, அப்பிடியே ஒவ்வொரு வூடா. பசங்க நெறய இருக்கற வூடு, ஒங்களுக்குத் தெரியுமே. இத நான் அவகிட்ட சொன்னதே கெடையாது. ஒரு வார்த்த சொன்னதில்ல. நான் தட்டப் புடிச்சிக்கிட்டு சாப்புடறதப் பாத்தே எழுதியிருக்கா. இந்த ஒலகத்துல என்னெ அப்பிடி யாரும் பாத்ததில்ல சார். எந்த நாயி மேல பொறாம பட்டேனோ அந்த நாயிக்கு எல்லாம் கெடச்சிருக்குது.

இருங்க, கண்ணுல என்னமோ வுழுந்துடுச்சி. சூளை வேல, எப்பவும் தூசிதான்.

அவளுக்கு இந்த சர்டிபிகேட்டு வேணும் சார். நெய்வேலி டவுன்ஷிப்புல ஒரு அம்மா, நாய்ங்களுக்கு ஆஸ்டல் மாதிரி வெச்சிருக்காங்க, பாஸ் பண்ணிட்டு வா, வேல போட்டுத் தரேன்னு சொல்லியிருக்காங்க. பாஸானா ஒங்க ஊர்ல கேம்ப்பு வேற இருக்குதாமே, தங்கிப் படிக்கறது. அதப் பத்தி எங்கிட்ட பேசவே பயப்படறா. நான் சோத்துத் தட்டத் தள்ளிடுவேன்னு. நீங்க பாஸ் போடுங்க. நானே ரயிலேத்தி வுடறேன். அவ அங்க இருக்கற வரைக்கும் எனக்கு எப்பிடி இருக்கும்னு கேக்காதீங்க. இருக்கும். ஆனா ஏத்தி வுடறேன்.

அதோ, சத்தம் கேக்குது பாருங்க. அவ அண்ணன் டிவிஎஸ் பிப்டி. எட்டிப் பாக்காதீங்க. முன்னாடி நாயி, பின்னாடி இவ, தலையெல்லாம் புழுதி. அய்யோ, நீங்க வந்துட்டீங்கன்னு செருப்பப் பாத்துத் தெரிஞ்சிக்கிட்டா, மூஞ்சே செத்துப்போச்சி. சார், சீக்கிரம் சொல்லிடறேன். அது வயலுக்குக் காவல் இருக்கற நாயி. அதுக்கு ராசான்னு பேரே இன்னிக்கு காலையிலதான் வெச்சிருப்பா, கூப்புட்டா திரும்பிப் பாக்காது. ஒக்காருன்னா ஒக்காராது. ஒங்களக் கடிச்சாலும் கடிக்கும். அத வெச்சி அவளுக்கு மார்க் போட்டுடாதீங்க. ஒங்களுக்கே தெரியும், நீங்க பரீட்சை பண்ண வேண்டியது அந்த நாயி இல்ல.

எம்மாம் நேரமா இங்க ஒக்காந்திருக்கீங்க? அவ வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சது ஒங்ககிட்டதான். அவ சாமி படத்தாண்ட வெச்சிருக்கறது ஒங்க எழுத்து. அந்த ஆளுக்கு நான் நாற்காலி போட்டிருக்கேன், டீ ஊத்திக் குடுத்திருக்கேன், மொறைக்கல. செவுத்தாண்ட போயிட்டும் திரும்பி வந்துட்டேன். இதெல்லாம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? மனசுக்குள்ள குறிச்சிக்கிங்க. எனக்குத் தெரிஞ்சிபோச்சின்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க சார், பஜ்ஜிய நிறுத்திடுவா.

கடைசியா ஒண்ணு பாக்கி இருக்குது. தட்டுப் பாடம். அதுல ராசா இன்னும் தேறலன்னுதானே எழுதியிருந்தா? இந்தாங்க, மூடியத் தொறக்கறேன். இத்தன வருசத்துல எந் தட்டுல நான் யாரையும் கை வெக்க வுட்டதில்ல, அவளக்கூட. அவ உள்ள வரும்போது பாக்கட்டும். சுகரு ஒரு பஜ்ஜிக்கெல்லாம் ஏறிடாது.

எடுத்துக்குங்க சார். ஒண்ணும் பண்ணாது.